மூன்று மூலை சதுரம், ஒரு மூலை உருண்டை: ராச்செஸ்டர் கோபுரத்தை வீட்டில் கட்டிய கதை

இங்கிலாந்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு இது தெரிந்த கதைதான். 1066 பாடம் வரும், அதாவது நார்மண்டியிலிருந்து வந்த நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த கதை. பின்னாலேயே கோட்டை மாதிரி ஒன்று செய்து கொண்டு வரச் சொல்லி வீட்டுப்பாடம் வரும். எங்கள் வீட்டுக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வந்தது. "நாளைக்குக் கொடுக்கணும்பா" என்றாள் மகள், ரொம்ப சாதாரணமாக.

அன்று இருவரும் செய்தது மேட்டுக்கோட்டை. நார்மானியர்கள் வந்து இறங்கிய கையோடு நாடெங்கும் எழுப்பியது இந்த வகைதான். வட்டமாக அகழி வெட்டு, வெட்டிய மண்ணை நடுவில் குவி, உச்சியில் மரக்கோபுரம் வை, பக்கத்தில் வேலி போட்ட முற்றம் ஒன்று வை. ஆள்பலம் இருந்தால் போதும், கொத்தனார் வேண்டாம். பழைய பிரெஞ்சில் இந்த மேட்டுக்கு 'மோட்' என்று பெயர். அதே சொல்தான் பிறகு ஆங்கிலத்தில் அகழியைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. மேடும் பள்ளமும் ஒரே மண்வெட்டி வேலையின் இரண்டு பக்கங்கள் என்பதால் சொல்லும் இடம் மாறிக்கொண்டது போலிருக்கிறது.

எங்கள் மேடு பழைய செய்தித்தாளைக் கசக்கி, பசை தடவி, மேலே சுவர்ப் பட்டி பூசியது. மரக்கோபுரம் அழகாக இல்லை, கல்கோபுரம்தான் வேண்டும் என்று மகள் அடம் பிடித்து, ஒரு காகிதக் கோப்பையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி வார்த்தாள். அதை உச்சியில் உட்கார வைத்தோம். இரவுச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால் கோபுரம் அரை அங்குலம் இறங்கி, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

நார்மானியர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. புதிதாகக் கொட்டிய மண் கல்கோபுரத்தைத் தாங்காது. அதனால்தான் பல இடங்களில் மேட்டின் உச்சியில் கனமான கோபுரத்துக்குப் பதிலாக விளிம்பைச் சுற்றி ஒரு வளையச் சுவர் மட்டும் எழுப்பினார்கள். டெவனில் உள்ள டாட்னஸ் கோட்டையில் அதை இன்றும் பார்க்கலாம். கில்ஃபோர்டில் கோபுரத்தை மேட்டின் நடுவில் வைக்காமல் ஓரச் சரிவுக்குத் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் படையெடுப்பைத் தைத்துச் சொல்லும் பேயூ சித்திரத்துணியில் ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரில் மேட்டைக் கட்டும் காட்சி ஒன்று உண்டு. அதில் மேடு நிறம் நிறமான பட்டைகளாகத் தைக்கப்பட்டிருக்கிறது, மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கியதைக் காட்டுவதுபோல. பக்கத்திலேயே இரண்டு வேலையாட்கள் மண்வெட்டியால் ஒருவரையொருவர் மண்டையில் அடித்துக்கொள்கிறார்கள். கட்டுமான வேலை நடந்த இடத்தை யாரோ நேரில் பார்த்துத்தான் தைத்திருக்க வேண்டும்.

சரி, அவள் பிளாஸ்டரைப் பிடுங்கிவிட்டு ஐஸ் குச்சிகளால் ஒரு மரக்கோபுரம் ஒட்டி எடுத்துப் போனாள். அவள் வேலை முடிந்தது. எனக்குத்தான் முடியவில்லை. அவ்வளவு கனமான கல்கோபுரத்தை எப்படித்தான் நிறுத்தினார்கள் என்ற கேள்வி பிடித்துக்கொண்டது. அடுத்த சனிக்கிழமை அவளையும் இழுத்துக்கொண்டு ரயிலேறி, கென்டில் உள்ள ராச்செஸ்டர் கோட்டைக்குப் போனேன். அதற்கப்புறம் எட்டு வார இறுதிகள் எங்கள் சாப்பாட்டு மேசை சாப்பாட்டு மேசையாக இல்லை.

ராச்செஸ்டரைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, அது பக்கம். இரண்டாவது, இங்கிலாந்தில் மிஞ்சியிருக்கும் நார்மானியச் சதுரக் கோபுரங்களில் அதுதான் உயரமானது. மெட்வே ஆற்றுப் பாலத்தையும், லண்டனுக்கும் டோவருக்கும் நடுவே ஓடும் பழைய ரோமானியச் சாலையையும் காவல் காக்கிற இடம். முதலில் இங்கே கல்மதிலை எழுப்பியவர் கண்டல்ஃப் என்ற பிஷப். லண்டன் வெண்கோபுர வேலையையும் மேற்பார்த்தவர் இவர்தான். ஹேடன்ஹாம் என்ற ஊரின் மீதான உரிமையை உறுதிப்படுத்த இரண்டாம் வில்லியம் மன்னர் நூறு பவுண்டு கேட்க, பேரம் பேசி, பணத்துக்குப் பதில் கோட்டை கட்டித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டு, அறுபது பவுண்டில் முடித்தாராம். ஆற்றுப் பக்கம் அவருடைய மதிலின் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது. ஆனால் நான் செய்ய நினைத்தது அதற்கு ஒரு தலைமுறைக்குப் பின் வந்த பெருங்கோபுரம். 1127ஆம் ஆண்டு முதலாம் ஹென்றி இந்தக் கோட்டையைக் கேன்டர்பரி பேராயர் வில்லியம் டி கார்பெய்லிடம் ஒப்படைத்தார். கோபுரத்தைக் கட்டியவர் அந்தப் பேராயர்.

ஆங்கிலத்தில் இதைக் 'கீப்' என்பார்கள். அந்தச் சொல் கட்டியவர்களுக்கே தெரியாது, பல நூற்றாண்டு கழித்து வந்தது. அவர்கள் எழுதியது லத்தீனில் வெறுமனே 'கோபுரம்' என்றுதான். தமிழில் கீப் என்றால் வேறு பொருள் வந்து தொலைக்கும் என்பதால் நானும் பெருங்கோபுரம் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

அளவு 1:100 என்று முடிவு செய்தேன். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர், மனக்கணக்கு போதும். கோபுரத்தின் ஒவ்வொரு பக்கமும் 70 அடி, ஆக 21.3 செ.மீ. கைப்பிடிச் சுவர் வரை உயரம் 113 அடி, அதாவது 34.4 செ.மீ. மூலைக்கோபுரங்களின் உச்சி 38 செ.மீ. அவற்றில் மூன்று சதுரம், ஒன்று மட்டும் உருண்டை, காரணம் பின்னால் வருகிறது. சுவர் அடியில் 12 அடி தடிப்பு, மேலே போகப்போகக் குறைந்து 10 அடி. இதை வரைபடத் தாளில் போட்டபோது பென்சில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. 21 சென்டிமீட்டர் பெட்டிக்குள் இரண்டு பக்கமும் 3.7 சென்டிமீட்டர் சுவர் போய்விட்டால் உள்ளே மிச்சம் 14தான். தரைப்பரப்பில் பாதிக்கும் மேல் சுவரே தின்றுவிடுகிறது. ஒரு அறையைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள் என்று இதைச் சொல்ல முடியாது. ஒரு கல்மலையைக் கட்டி அதற்குள் அறையைக் குடைந்திருக்கிறார்கள்.

சுவருக்கு வாங்கியது எக்ஸ்பிஎஸ் பலகை. வீட்டுச் சுவர்களில் குளிர் தடுக்கப் போடுவார்களே, அந்த ஃபோம்தான், 30 மி.மீ. தடிப்பு. மேல்தளத்துக்கு இது அப்படியே சரி. அடித்தளத்தில் மட்டும் உள்பக்கம் 5 மி.மீ. ஃபோம்போர்டு ஒட்டித் தடிப்பைக் கூட்டினேன். வெட்டுவதற்கு உடைத்துவிடும் வகை கத்தி. ஃபோமில் வேலை செய்கிறவர்களுக்கு என் ஒரே அறிவுரை, பிளேடில் கஞ்சத்தனம் வேண்டாம். பத்து வெட்டுக்கு ஒரு நுனியை உடைத்துப் போடுங்கள். மழுங்கிய கத்தி ஃபோமை வெட்டாது, பிய்க்கும். முதல் சுவரின் ஜன்னல் ஓரங்கள் எலி கடித்ததுபோல் ஆனது அப்படித்தான்.

தடித்த சுவர் என்றவுடன் திடமான சுவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே போய்ப் பார்த்தால் சுவருக்குள்ளேயே ஒரு வீடு இருக்கிறது. கழிவறைகள், சின்னச் சின்ன அறைகள், எதிரெதிர் மூலைகளில் சுழல் படிகள், மேலே ஒரு நடைபாதை எல்லாம் சுவரின் தடிப்புக்குள் குடையப்பட்டவை. சுவருங்கூட முழுக்க அடுக்கிய கல் இல்லை. உள்ளே ஒரு முகம், வெளியே ஒரு முகம் கட்டி, நடுவில் கல்லும் சில்லுமாகக் கொட்டிச் சுண்ணாம்புச் சாந்தால் இறுக்கியது. என் தோராயக் கணக்கில் மொத்தம் பதினைந்தாயிரம் டன்னாவது இருக்கும். பிளாஸ்டர் கோப்பை ஏன் இறங்கியது என்பது அப்போது இன்னும் நன்றாகப் புரிந்தது. ராச்செஸ்டரில் மேடு கிடையாது, கோபுரம் தரையிலேயே நிற்கிறது. அடிப்பகுதியைச் சுற்றிலும் சரிவாக வெளியே அகட்டியிருக்கிறார்கள். கனம் அகலமான இடத்தில் இறங்கும், அடியில் கடப்பாரை போடுகிறவனுக்கும் கூடுதல் கல்லை உடைக்க வேண்டியிருக்கும். மேலிருந்து போடும் கல் இந்தச் சரிவில் பட்டுத் தெறிக்கும் என்றும் சொல்வார்கள்.

அந்தச் சரிவுதான் பின்னால் எனக்கு வினையாக வந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரமும் சுவர் வெட்டுவதிலேயே போனது. மூன்றாவது வாரம் கல் வேலை. அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி ஃபோம் மேல் அழுத்தி உருட்டினால் கல்லின் சொரசொரப்பு வந்துவிடும். சந்துகளை மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் கீறலாம். நான் ஸ்கேல் வைத்து வரிவரியாக, ஒரே அளவில், ஒரு சுவர் முழுக்கக் கீறினேன். மூன்று மணி நேரம். தூர நின்று பார்த்தால் செங்கல் சூளைப் புகைபோக்கி மாதிரி இருந்தது.

தப்பு எங்கே என்று படங்களை மறுபடி பார்த்தேன். கோபுரத்தின் உடம்பு கென்ட் ராக்கல். மெட்வே ஆற்றின் மேற்பகுதியில், மெய்ட்ஸ்டன் பக்கம் வெட்டுகிற சாம்பல் நிறச் சுண்ணக்கல். சதுரமாகச் செதுக்க மடங்காத முரட்டுக் கல். அதனால் வந்த வடிவத்திலேயே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். செதுக்கு வேலை வேண்டிய இடங்களுக்கு, அதாவது மூலைகள், ஜன்னல் ஓரம், வாசல் வளைவு ஆகியவற்றுக்கு, நார்மண்டியின் கான் நகரத்திலிருந்து கல்லைக் கடல் வழியாகக் கொண்டுவந்தார்கள். வெளிர் மஞ்சளாக, வெண்ணெய்போல் செதுக்க வருகிற கல் அது. சொந்த ஊர்க் கல் மேல் அவர்களுக்குப் பாசம் இருந்திருக்கலாம். ஆனால் பக்கத்திலிருந்த ராக்கல்லில் அந்த வேலையை யாராலும் செய்ய முடியாது என்பதும் உண்மை. நார்மானியர்களுக்குப் பிடித்த அந்தக் கோணல்மாணல் நெளிவரி அலங்காரம் வளைவுகளில் ஓடுகிறதே, அதெல்லாம் இந்த மெத்தென்ற கல்லின் உபயம். ஆக முரட்டுக் கல்லுக்கு ஸ்கேல் இல்லாமல் கை போன போக்கில் கீறல், மூலைகளுக்கு மட்டும் ஸ்கேல் வைத்து ஒழுங்கான கட்டம். செங்கல் சுவரைத் திருப்பி, பின்பக்கத்தை வெளிப்பக்கம் ஆக்கிக்கொண்டேன். சாரம் கட்டிய மரங்கள் செருகப்பட்ட சின்னச் சதுர ஓட்டைகள் சுவரெங்கும் தெரியும். தீக்குச்சியின் மருந்தில்லாத முனையை அழுத்தினால் 1:100க்குச் சரியாக அமைந்துவிடுகிறது.

அடுத்த விபத்து நானே வரவழைத்தது. நான்கு சுவருக்கும் ஒரேயடியாகக் கறுப்பு அடிக்கலாம் என்று ஸ்பிரே டப்பா எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். வடக்குச் சுவரில் அடித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கல்லெல்லாம் உருகிச் சுருங்கி அம்மைத் தழும்புபோல் குழி விழுந்தது. ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் இந்த ஃபோமைத் தின்றுவிடும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம், எனக்குத்தான் தெரியாது. மற்ற மூன்று சுவருக்கும் பி.வி.ஏ. பசையில் கறுப்பு அக்ரிலிக் கலந்து தூரிகையால் இரண்டு கை பூசினேன். அது ஃபோமுக்குத் தோல் மாதிரி ஆகிவிடுகிறது. வடக்குச் சுவரைப் புதிதாக வெட்டவில்லை, அங்கே வாசலுக்கு முன்னால் நிற்கும் முன்கட்டு வந்து பாதியை மறைத்துவிடும் என்று பட்டி பூசி ஒப்பேற்றினேன்.

அந்த முன்கட்டுதான் இந்த மாதிரியில் நான் மிகவும் ரசித்துச் செய்த பகுதி. பெருங்கோபுரத்துக்குத் தரைமட்டத்தில் வாசல் கிடையாது. வாசல் முதல் மாடியில் இருக்கிறது. மேற்கு முகத்தில் தொடங்கும் படிகள் வடமேற்கு மூலையைச் சுற்றி ஏறி வடக்கு முகத்துக்கு வருகின்றன. அங்கே நடுவில் ஒரு பள்ளம், அதைக் கடக்க ஒரு தூக்குப்பாலம். அதைக் கடந்தால் முன்கட்டு, அதற்குள் புகுந்தால்தான் உண்மையான வாசல். வருகிறவன் ஏறுகிற நேரமெல்லாம் மேலே இருக்கிறவனின் பார்வையில் நடக்க வேண்டும். முன்கட்டின் மேல்மாடியில் ஒரு தேவாலயம். கட்டியவர் பேராயர் அல்லவா! ஐஸ் குச்சியைச் சீவிப் படிகளும், தையல் நூலில் தூக்குப்பாலமும் செய்தேன்.

உள்ளே, கிழக்கு மேற்காக ஒரு நடுச்சுவர் கோபுரத்தை இரண்டாகப் பிரிக்கிறது. முதலில் இதைப் பாதுகாப்புக்கான ஏற்பாடு என்றே நினைத்தேன். உத்திரம் வெட்டும்போதுதான் வேறொன்று உறைத்தது. 14 மீட்டர் இடைவெளியை ஒரே மரத்தால் தாண்ட அவ்வளவு நீளமும் தடிப்புமான ஓக் மரத்துக்கு எங்கே போவது? நடுவில் ஒரு சுவர் வந்துவிட்டால் ஒவ்வொரு அறையும் ஏறத்தாழ 6 மீட்டர் அகலம். சாதாரண மரமே போதும். என் குச்சிகளும் அப்படித்தான், 14 செ.மீ. வைத்தபோது வில்லாய் வளைந்தவை 6 செ.மீ. ஆனதும் அசையவில்லை. தச்சனின் வசதிக்காக வந்த சுவர் பிறகு சிப்பாயின் உயிரையும் காத்தது. அந்தக் கதை கீழே வருகிறது.

நடுச்சுவருக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறார்கள். கிணறு அதற்குள்ளேயே இருக்கிறது. தரைக்கடியிலிருந்து உறை சுவருக்குள் நேராக மேலே ஏறுகிறது, ஒவ்வொரு மாடியிலும் ஒரு வாய். அடித்தளம் எதிரியிடம் போனாலும் சமையலறைப் புகை மூண்டாலும் மேல்மாடிக்காரன் அங்கேயே வாளி இறக்கலாம். 8 மி.மீ. காகித ஸ்ட்ரா ஒன்றை நடுச்சுவர் நடுவில் செருகி, மாடிக்கு ஒரு ஓட்டை வெட்டினேன். மகள் ஒரு மணியை நூலில் கட்டி மேலிருந்து இறக்கிப் பார்த்துவிட்டு, "இது நல்லா இருக்கு" என்றாள். எட்டு வாரத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அது.

தளங்கள் நான்கு. தரைத்தளம் கிடங்கு, வெளிச்சத்துக்கு ஒடுங்கிய சந்துகள் மட்டும். முதல் மாடியில் வாசல். இரண்டாம் மாடிதான் ராஜமரியாதை உள்ள இடம். இரண்டு தள உயரம், பெரிய ஜன்னல்கள். அங்கே மட்டும் நடுச்சுவர் திறந்து வளைவுகளும் உருண்டைத் தூண்களுமாக ஆகிவிடுகிறது. மேல்பாதியில் சுவருக்குள் ஓடும் நடைபாதையிலிருந்து கீழே கூடத்தைப் பார்க்கலாம். அதற்கும் மேலே இன்னொரு மாடி. இன்று போனால் மரத்தளம் ஒன்றும் கிடையாது. அடியில் நின்று அண்ணாந்தால் உத்திரம் செருகிய ஓட்டைகள் வரிசை வரிசையாக வானம் வரை போகின்றன. தூண்களுக்கு வளைவு வெட்டுவதில் இரண்டு இரவு போனது. நெளிவரியை 1:100ல் வெட்ட முடியாது என்று ஒப்புக்கொண்டு மஞ்சள் மையால் வரைந்துவிட்டேன்.

ஆறாவது வாரம், எல்லாவற்றையும் ஒட்டும் நாள். அடிப்பகுதி சரிவாக அகண்டிருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அதனால் சுவர்கள் நேராக நிற்கவில்லை, மேல்விளிம்பு மட்டும்தான் சமமாக இருந்தது. அதனால் கோபுரத்தைத் தலைகீழாக நிறுத்தி ஒட்டினேன். சுவர்கள், நடுச்சுவர், மூலைக்கோபுரங்கள், எல்லாம் கச்சிதம். பசை காய மேலே அகராதிகளை அடுக்கிவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாள் நிமிர்த்தி வைத்தால் கம்பீரமாக இருந்தது. மகள் ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள்.

"அப்பா, நாம படிக்கட்டுப் பக்கம் நின்னப்ப உருண்டை மூலை தெரியலையே. சுத்திப் போய்த்தானே பாத்தோம். இதுல தெரியுது."

படி தொடங்குவது மேற்கு முகம். அங்கே நின்றால் தெரியக்கூடிய மூலைகள் வடமேற்கும் தென்மேற்கும் மட்டும். உருண்டை மூலை இருக்க வேண்டியது தென்கிழக்கில். தலைகீழாக வைத்து ஒட்டியதில் இடம் வலமாகிப் போய், உருண்டையைத் தென்மேற்கில் ஒட்டியிருக்கிறேன். வேறு எந்தத் தப்பாக இருந்தாலும் விட்டிருப்பேன். இந்தக் கட்டடத்தின் கதையே அந்த மூலையில்தான் இருக்கிறது.

கட்டும்போது நான்கு மூலையும் சதுரம்தான். 1215ஆம் ஆண்டு, மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு போட்ட மாக்னா கார்ட்டா சாசனத்துக்கு முத்திரை விழுந்த அதே வருடம், ஜான் மன்னருக்கு எதிரான பிரபுக்கள் பக்கம் கோட்டை போனது. உள்ளே வில்லியம் டி ஆபினி தலைமையில் ஒரு படை. அக்டோபரில் ஜான் வந்து முற்றுகையிட்டார். கல்லெறியும் இயந்திரங்கள் கோபுரத்தை ஒன்றும் செய்யவில்லை. அப்புறம் சுரங்கக்காரர்களை இறக்கினார். தென்கிழக்கு மூலையின் அடியில் குடைந்து, மரத்தூண் முட்டுக் கொடுத்து வைத்தார்கள். நவம்பர் 25 அன்று தன் தலைமை அதிகாரி ஹியூபர்ட் டி பர்குக்கு மன்னரின் கடிதம் போகிறது: நாற்பது பன்றிகள் அனுப்பு, நல்ல கொழுத்தவையாக, சாப்பாட்டுக்கு அவ்வளவாக ஆகாதவையாக. அந்தக் கொழுப்பால் முட்டுகளுக்குத் தீ வைத்தார்கள். மூலை அப்படியே சரிந்தது. சதுர மூலையின் பலவீனம் அதுதான். அடியில் ஓர் இடத்தில் குடைந்தால் இரண்டு சுவர்களுக்கு ஒரே நேரத்தில் பிடி போய்விடும். மூலைக்கு நேர் எதிரே நிற்கிறவன் மேலிருப்பவர்களின் கண்ணிலும் சரியாகப் படமாட்டான்.

அதற்கும் அவர்கள் சரணடையவில்லை என்பதுதான் ஆச்சரியம். பாதிக் கோபுரம் போனதும் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்று தொடர்ந்து சண்டை போட்டார்கள். குதிரையை அடித்துத் தின்கிற நிலை வந்து, நவம்பர் 30 அன்றுதான் பட்டினி அவர்களை வெளியே கொண்டுவந்தது. பின்னால் மூன்றாம் ஹென்றி காலத்தில் விழுந்த மூலையைத் திரும்பக் கட்டியபோது அதை உருண்டையாகக் கட்டிவிட்டார்கள். அந்தக் காலத்துக்குள் கோட்டை கட்டுகிறவர்களின் ரசனையும் உருண்டைக்கு மாறியிருந்தது. பழையபடி கட்டினால் மறுபடி அதே இடத்தில் பன்றிதானே!

ஆகவே சுரங்கம் தோண்டுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. நீளமான ரொட்டிக் கத்தியால் தென்மேற்கு, தென்கிழக்கு மூலைகள் இரண்டையும் மேலிருந்து கீழாக அறுத்தேன். பி.வி.ஏ. காய்ந்தால் கத்திக்கு மசியாது என்பதால் ஒட்டிய இடத்தை விட்டு 4 மி.மீ. தள்ளி ஃபோமிலேயே அறுக்க வேண்டியிருந்தது. தெற்குச் சுவர் இரண்டு பக்கமும் பிடி இல்லாமல் ஆடியது. வடக்குப் பாதி மட்டும் நடுச்சுவரோடு ஒட்டிக்கொண்டு, முன்கட்டோடு, தானாக நின்றது. பசையின் உபயத்தில் நிற்கிற ஃபோம் 1215க்குச் சாட்சி ஆகாது. இருந்தாலும் அந்தப் பாதிக் கோபுரத்தைப் பார்த்தபோது உள்ளே இருந்தவர்கள் ஏன் சண்டையை நிறுத்தவில்லை என்று விளங்கியது. அவர்களுக்கு இன்னும் நான்கு சுவர் மிச்சம் இருந்தது.

சதுர மூலையைத் தென்மேற்கில் ஒட்டுவது சுலபம். உருண்டையைத் தென்கிழக்கில் வைத்தபோது அறுத்த 4 மி.மீ. இரண்டு பக்கமும் இடைவெளியாகத் தெரிந்தது. அட்டைத் துண்டு செருகி, மேலே பட்டி பூசி, ஈரம் காய்வதற்குள் அலுமினிய உருண்டையால் ஒற்றினேன். மூலைகளை ஊசியால் குத்தி நிறுத்திவிட்டு ஒரு நாள் தொடவே இல்லை. இந்த முறை நிமிர்த்தி வைத்துத்தான் ஒட்டினேன், அடியில் பழைய துண்டுகளை முட்டுக் கொடுத்து.

வண்ணம் பற்றி அதிகம் இல்லை. கறுப்பின் மேல் சாம்பல், அதன் மேல் லேசான பச்சைச் சாயல், காய்ந்த தூரிகையால் வெளிர் சாம்பல் ஒரு தேய்ப்பு. மூலைகளுக்கும் ஜன்னல் ஓரங்களுக்கும் வெண்ணெய் நிறம். மகளுக்கு முழுக்க வெள்ளை அடிக்க ஆசை. அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. லண்டன் கோபுரத்துக்கு 1240இல் மூன்றாம் ஹென்றி வெள்ளை அடித்ததால்தான் அது வெண்கோபுரம் ஆனது. ஆனால் மூன்று வாரம் கையால் கீறிய கல்லை வெள்ளையில் மூழ்கடிக்க எனக்கு மனம் வரவில்லை. உச்சியில், காவலர்கள் நின்று கீழே தாக்குவதற்கான மரப் பரணைத் தொங்கவிடும் ஓட்டைகள் வரிசையாக இருக்கின்றன. ஓட்டைகளை மட்டும் போட்டேன், பரணைச் செய்யவில்லை.

தளங்களை ஒட்டவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கி எடுத்துக் கீழே பார்க்கும்படி விட்டிருக்கிறேன். ஃபோம், பசை, பட்டி, வண்ணம், வீணாய்ப் போன ஸ்பிரே எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அறுபது பவுண்டுக்குக் கொஞ்சம் கூட. கண்டல்ஃப் அந்தக் காசுக்கு நிஜமாகவே கோட்டை கட்டிக் கொடுத்தார் என்று மகள் ஞாபகப்படுத்தினாள்.

இப்போது அது கூடத்தில் ஜன்னலோர அலமாரி மேல், தெற்கு முகம் வெயிலைப் பார்த்து நிற்கிறது. பத்து நாள் கழித்துத் தூசி தட்டப் போனபோது பார்த்தேன். உருண்டை மூலை பழைய சுவரோடு சேரும் இடத்தில், மேலிருந்து இரண்டாம் மாடி ஜன்னல் உயரம் வரை, பட்டியில் மயிரிழை போல ஒரு விரிசல். அடுத்த சனிக்கிழமை கொஞ்சம் பி.வி.ஏ.வைத் தண்ணீரில் கரைத்து ஊசி மருந்துக் குழலால் உள்ளே செலுத்திப் பார்க்க வேண்டும்.